ரோடு பைக்கா, டிரையத்லான் பைக்கா? பந்தயத்துக்குச் சைக்கிள் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லானில், பெரும்பாலோருக்கு மிக அதிக நேரம் கழிவது சைக்கிளின் மேல்தான். அயர்ன்மேன் 70.3 எனப்படும் அரைத் தொலைவுப் பந்தயத்தில் 1.9 கி.மீ. நீச்சலுக்கும் 21.1 கி.மீ. ஓட்டத்துக்கும் நடுவே 90 கி.மீ. சைக்கிள் மிதிக்க வேண்டும். முழுத் தொலைவில் அது 180 கி.மீ. எனவே பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தவுடன் எழுகிற முதல் பெரிய செலவுக் கேள்வியும் சைக்கிளைப் பற்றியதாகவே இருக்கிறது. 2018இல் கொழும்பிலும் 2019இல் கோவாவிலும் அயர்ன்மேன் 70.3 முதன்முறையாக நடத்தப்பட்ட பிறகு, இக்கேள்வி நம் பக்கத்திலும் அதிகமாகக் கேட்கிறது.

இரண்டு சைக்கிள்களுக்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

வேறுபாடு சட்டகத்தின் தோற்றத்தில் இருப்பதைவிட, ஓட்டுபவர் அதன்மேல் அமரும் விதத்தில்தான் அதிகம் இருக்கிறது. ரோடு பைக்கில் இருக்கைக் குழாய் ஏறத்தாழ 72 முதல் 74 பாகை வரை சாய்ந்திருக்கும். டிரையத்லான் பைக்கில் அது 76 முதல் 80 பாகை வரை நிமிர்ந்திருக்கும். இந்தச் சில பாகைகளால் ஓட்டுபவரின் இடுப்பு முன்னோக்கி நகர்ந்து, மிதிகளுக்கு ஏறக்குறைய நேர் மேலே வந்துவிடுகிறது. அதனால் உடலை எவ்வளவு தாழ்த்தினாலும் தொடை வயிற்றில் இடிப்பதில்லை. முன்புறத்தில், முழங்கைகளை ஊன்றிக்கொள்ள இரண்டு மெத்தைத் தட்டுகளும், அவற்றுக்கு முன்னால் கைகள் பற்றிக்கொள்ள இரண்டு நீள்கம்பிகளும் இருக்கும். இவற்றைச் சேர்த்து ஏரோ பார் என்கிறோம்.

ரோடு பைக்கின் வளைந்த ஹேண்டில்பாரிலோ பிரேக்கும் கியரும் ஒரே பிடியில் அமைந்திருக்கும், கை எப்போதும் அவற்றின் மேலேயே இருக்கும். டிரையத்லான் பைக்கில் கியர் மாற்றிகள் நீள்கம்பிகளின் முனையிலும் பிரேக்குகள் பக்கவாட்டுக் கைப்பிடிகளிலும் பிரிந்து கிடக்கின்றன. பின்னால் வரும் பல பதில்கள் இந்த ஒரு பிரிவினையையே சுற்றி வருகின்றன.

நிமிர்ந்த இருக்கைக் கோணத்தைக் கொண்டு டிரையத்லானுக்கென்றே முதலில் சைக்கிள் வடிவமைத்தவர் அமெரிக்கரான டேன் எம்ப்ஃபீல்டு. அவருடைய குயின்டானா ரூ நிறுவனத்தின் சூப்பர்ஃபார்ம் 1989இல் வந்தது. அதே ஆண்டில்தான் டூர் டி பிரான்ஸின் கடைசி நாளில், வெர்சாயிலிருந்து பாரிஸ் வரையிலான 24.5 கி.மீ. தனிநபர் நேரப் பந்தயத்தில், டிரையத்லான் வீரர்கள் ஏற்கெனவே பயன்படுத்திவந்த ஏரோ பாரைப் பொருத்திக்கொண்டு வந்த கிரெக் லெமாண்ட், 50 வினாடி முன்னிலையில் இருந்த லோரான் ஃபின்யோனை அந்த ஒரு கட்டத்தில் மட்டும் 58 வினாடிகள் முந்தி, 8 வினாடி வித்தியாசத்தில் பட்டத்தையே பறித்தார்.

அந்த அமர்வு நிலையால் அவ்வளவு வேகம் கூடுமா?

சமதளச் சாலையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தைத் தாண்டியவுடன், நாம் செலவிடும் உழைப்பின் பெரும்பகுதியைக் காற்றே விழுங்கிவிடுகிறது. அந்தக் காற்றெதிர்ப்பிலும் சைக்கிளின் பங்கு சிறியது, ஓட்டுபவரின் உடலின் பங்கு பெரியது. காற்றை வெல்லத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடியாகக் கூடுவதால், வேகத்தை 5 விழுக்காடு கூட்ட விரும்பினால் ஏறத்தாழ 16 விழுக்காடு அதிகமாக மிதிக்க வேண்டும். அவ்வளவு வலிமையைக் கால்களில் ஏற்றுவதற்கு மாதக்கணக்கான பயிற்சி வேண்டும். காற்றின் முன் நிற்கும் உடற்பரப்பைக் குறைத்தால் அதே வலிமையில் வேகம் கூடிவிடுகிறது.

90 கி.மீ. தொலைவை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் கடப்பவருக்குச் சரியாக 3 மணி நேரம் ஆகும். அவர் 31.5 கி.மீ. வேகத்துக்கு உயர்ந்தால் 2 மணி 51 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். ஓட்டத்தில் எட்டு, ஒன்பது நிமிடத்தைக் குறைப்பதற்கு எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது ஓடுபவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இந்தக் கணக்கு, தாழ்ந்த நிலையிலேயே தொடர்ந்து இருப்பவருக்கு மட்டும் பொருந்தும். கழுத்து வலியால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, பக்கவாட்டுக் கைப்பிடியைப் பிடித்து நிமிர்ந்து ஓட்டுபவருக்கு, எவ்வளவு விலை உயர்ந்த டிரையத்லான் பைக்கும் பயன்படாது. அப்படிப்பட்டவர் ரோடு பைக்கில் முழங்கையை மடக்கித் தாழ்ந்து ஓட்டினாலே அதற்கு நிகரான வேகத்தில் போய்விடுவார்.

பந்தய விதிகள் ஏதேனும் தடுக்கின்றனவா?

தடுக்கின்றன. கடைக்குப் போவதற்கு முன் பார்க்க வேண்டியது இதைத்தான். டிரையத்லான் பந்தயங்கள் இரு வகைப்படும். முன்னால் செல்பவரின் பின்னே ஒட்டிச் சென்று காற்றின் மறைவைப் பயன்படுத்துவதை டிராஃப்டிங் என்பார்கள். அதை அனுமதிக்கும் பந்தயங்கள் ஒரு வகை, தடை செய்யும் பந்தயங்கள் மற்றொரு வகை.

ஒலிம்பிக்கில் நடப்பது முதல் வகை. 2000இல் சிட்னியில் டிரையத்லான் ஒலிம்பிக்கில் அறிமுகமானதிலிருந்தே வீரர்கள் கூட்டமாகத்தான் சைக்கிள் ஓட்டுகிறார்கள். சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கும் அந்தக் கூட்டத்தில், பிரேக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு நீள்கம்பிகளைப் பற்றியிருக்கும் ஒருவரால் எல்லாருக்கும் ஆபத்து. ஆகவே இங்கு வளைந்த ஹேண்டில்பார் கொண்ட ரோடு பைக் மட்டுமே செல்லும்.

அயர்ன்மேன் வகைப் பந்தயங்களில் டிராஃப்டிங் கூடாது. வயதுப் பிரிவுகளில் போட்டியிடுபவர்கள் முன்னவரின் முன்சக்கரத்திலிருந்து தங்கள் முன்சக்கரம் வரை 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளிக்குள் நுழைந்தால் 25 வினாடிகளுக்குள் முந்திவிட வேண்டும். மீறினால் தண்டனைக் கூடாரத்தில் 5 நிமிடம் நிற்க நேரிடும். காற்றைத் தனியாகவே எதிர்கொள்ள வேண்டிய இந்தப் பந்தயங்களுக்காகத்தான் டிரையத்லான் பைக் உருவானது. இவற்றில் ரோடு பைக்குக்குத் தடை எதுவும் இல்லை.

நார்வேயின் கிறிஸ்தியான் ப்ளும்மென்ஃபெல்ட் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் தங்கத்தை வென்றது ரோடு பைக்கில். 2022 மே மாதம் அமெரிக்காவின் செயின்ட் ஜார்ஜில் அயர்ன்மேன் உலகப் பட்டத்தை வென்றது டிரையத்லான் பைக்கில். ஆளும் கால்களும் மாறவில்லை, விதி மாறியது, சைக்கிளும் மாறியது.

டிரையத்லானோடு சேர்த்துச் சாலைச் சைக்கிள் பந்தயங்களிலும் கலந்துகொள்ளும் எண்ணம் இருந்தால், எல்லாரும் ஒன்றாகப் புறப்படும் அந்தப் பந்தயங்களில் டிரையத்லான் பைக்கை அனுமதிக்கமாட்டார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மலைப்பாதையில் நடக்கும் பந்தயம் என்றால் ரோடு பைக்தானே நல்லது?

பலரும் நினைக்கும் அளவுக்கு அது எளிதான முடிவு அன்று. அயர்ன்மேன் உலகப் போட்டி நீண்ட காலம் ஹவாயின் கோனாவில் எரிமலைப் பாறைகளுக்கு நடுவே ஓடும் நெடுஞ்சாலையில் நடந்தது. அங்கு ஏற்றங்கள் நீண்டு தொடர்வதில்லை, காற்றுதான் எதிரி. பிரெஞ்சு வீரர் சாம் லெய்ட்லோ 2022இல் அந்தப் பாதையின் 180 கிலோமீட்டரை 4 மணி 4 நிமிடம் 36 வினாடிகளில் முடித்தார். மறு ஆண்டு ஆண்களுக்கான போட்டி பிரான்ஸின் நீஸ் நகருக்கு மாறியது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் மொத்தம் ஏறத்தாழ 2,400 மீட்டர் ஏற வேண்டிய பாதை அது. அங்கும் சைக்கிளில் விரைந்து முடித்துப் பட்டம் வென்றவர் அதே லெய்ட்லோதான், ஆனால் ஆன நேரம் 4 மணி 31 நிமிடம். நீஸுக்கு ரோடு பைக்கா டிரையத்லான் பைக்கா என்று மாதக்கணக்கில் விவாதம் நடந்தும், முன்னணித் தொழில்முறை வீரர்களில் பெரும்பாலோர் டிரையத்லான் பைக்கிலேயே வந்தார்கள்.

காரணம் எளிய கணக்குதான். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், சைக்கிள் ஒரு கிலோ கூடுவதால் செங்குத்தான ஏற்றத்தில் இழக்கும் நேரம் ஏறத்தாழ 1.25 விழுக்காடு, அதாவது ஒரு மணி நேர ஏற்றத்துக்கு 45 வினாடி. ஏற்றத்துக்குப் பிறகு வரும் நீண்ட மேட்டுநிலத்திலும் மென்மையான இறக்கத்திலும் ஏரோ பாரில் படுத்து ஓட்டுபவர் அதை எளிதாக மீட்டுவிடுவார்.

இருந்தாலும் நம்மில் பலருக்கு விடை வேறு. தொழில்முறை வீரருக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் டிரையத்லான் பைக்கை இறக்கத் தெரியும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஒருமுறை இறங்கிப் பார்த்தவர்களுக்கு, விரல்கள் பிரேக்கின் மேலேயே இருப்பதன் அருமை புரியும். வளைவுக்கு வளைவு தயங்கித் தயங்கி இறங்கினால், சமதளத்தில் சேமித்த நிமிடங்கள் அங்கேயே கரைந்துவிடும். ஆகவே பாதையில் மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்று பார்ப்பதைவிட, இறக்கம் எப்படிப்பட்டது என்று பார்ப்பதே பயனுள்ளது. நேரான இறக்கமென்றால் டிரையத்லான் பைக். வளைந்து வளைந்து இறங்குவதென்றால், அதிலே பழகாதவர்களுக்கு ரோடு பைக்.

பக்கக் காற்றைப் பற்றி ஏன் அவ்வளவு எச்சரிக்கிறார்கள்?

ஏரோ பாரில் படுத்திருக்கும்போது கைகள் நெருங்கியிருப்பதால் திசை திருப்பும் பிடிப்பு குறைகிறது. அதோடு உடல் எடை வழக்கத்தைவிட அதிகமாக முன்சக்கரத்தின்மேல் விழுகிறது. அச்சக்கரத்தின் விளிம்பும் ஆழமானதாக இருந்தால், திடீரென வீசும் பக்கக் காற்று ஹேண்டில்பாரையே பிடுங்குவதுபோல் இழுக்கும். கோனாவில் தட்டுச் சக்கரத்துக்கு, அதாவது கம்பிகள் இல்லாமல் முழுத் தட்டாக மூடிய சக்கரத்துக்கு, நீண்ட காலம் இடமே இல்லாமல் இருந்ததற்குக் காரணம் அந்தக் காற்றுதான். கடலோரப் பாதைகளில் முன்சக்கரம் மட்டுமாவது ஆழம் குறைந்ததாக இருப்பது நல்லது.

என்னிடம் ரோடு பைக் இருக்கிறது. அதிலேயே ஏரோ பார் பொருத்திக்கொண்டால் போதாதா?

முதல் சில பந்தயங்களுக்கு இதுவே மிகச் சிறந்த வழி என்பது எங்கள் கருத்து. கிளிப்-ஆன் எனப்படும் தனி ஏரோ பாரின் விலை புதுச் சைக்கிளின் விலையில் மிகச் சிறு பகுதிதான். ஆனால் கிடைக்கக்கூடிய மொத்த நன்மையில் பெரும்பங்கை அதுவே தந்துவிடும். பொருத்துவதில் மட்டும் கவனம் வேண்டும்.

முதலில் ஹேண்டில்பாரைப் பாருங்கள். ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெமுக்கு இருபுறமும் 31.8 மி.மீ. தடிமனில் உருண்டையான பகுதி இருந்தால்தான் பெரும்பாலான கிளிப்-ஆன்களின் பிடிப்பான் அதில் உட்காரும். மேல்பகுதி தட்டையாக உள்ள ஹேண்டில்பாரிலும், ஸ்டெமும் ஹேண்டில்பாரும் ஒரே வார்ப்பாக வரும் வகையிலும் பொதுவாக இது முடியாது. கார்பன் ஹேண்டில்பார் என்றால் அதைத் தயாரித்தவர் அனுமதித்திருக்கிறாரா என்று பார்க்காமல் இறுக்கக்கூடாது. திருகை எத்தனை நியூட்டன் மீட்டர் விசைக்கு இறுக்கலாம் என்று அதன் அருகே பொறித்திருக்கும். அந்த அளவுக்கு முறுக்குவிசைக் குறட்டால் (டார்க் ரெஞ்ச்) இறுக்க வேண்டும். கை அளவையை நம்பி இறுக்கியது சாலைக் குழியில் இறங்கியவுடன் வழுக்கிக் கீழே திரும்பிவிட்டால், முகம் தரையில் மோதும்.

அடுத்தது இருக்கை. ரோடு பைக்கின் இருக்கையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஏரோ பாரை மட்டும் பொருத்துவதுதான் பரவலாக நடக்கும் தவறு. கைகள் முன்னே நீண்டுவிட, இடுப்பு பின்னாலேயே நின்றுவிட, முதுகு வில்லாக வளைந்து, இருபது கிலோமீட்டருக்குள் இடுப்பு கடுக்கத் தொடங்கும். இருக்கையை முன்னே தள்ள வேண்டும். தேவைப்பட்டால், இருக்கையைத் தாங்கும் தண்டான சீட்போஸ்டைப் பின்வளைவு இல்லாததாகப் போட வேண்டும். முன்னே தள்ளும்போது மிதிகளுக்கும் இருக்கைக்கும் இடையிலான தூரம் குறைவதால், இருக்கையைச் சிறிது உயர்த்தவும் வேண்டும். நீள்கம்பிகள் குட்டையான கிளிப்-ஆன் ரோடு பைக்குக்கு ஏற்றது. மிதியைத் தாங்கும் கிராங்க் கரத்தின் நீளத்தை 165 மி.மீ. அளவுக்குக் குறைத்துக்கொண்டால் முழங்கால் மேலே வரும் உயரம் குறைந்து வயிற்றுப் பகுதி இன்னும் விடுபடும்.

இத்தனை செய்தும் இரண்டு குறைகள் மிஞ்சும். கியர் மாற்ற ஒவ்வொரு முறையும் நீள்கம்பியை விட்டுக் கையை எடுக்க வேண்டும்; மேடும் பள்ளமுமான சாலையில் இது சலிப்பைத் தரும். மேலும், பின்னால் அமர்வதற்காக வடிவமைக்கப்பட்ட சட்டகத்தில் எடையை முன்னே கொண்டுபோவதால், வளைவுகளில் சைக்கிள் சற்றுப் பதற்றமாக நடந்துகொள்ளும்.

டிரையத்லான் பைக்கில் ஓட்டினால் அடுத்து வரும் ஓட்டம் எளிதாகும் என்பது உண்மையா?

ஓரளவு. 2000இல் வெளியான ஓர் ஆய்வில், 73 பாகை இருக்கைக் கோணத்திலும் 81 பாகையிலும் 40 கி.மீ. மிதிக்கவைத்துப் பிறகு 10 கி.மீ. ஓடவைத்தபோது, நிமிர்ந்த கோணத்துக்குப் பிறகான ஓட்டம் விரைவாக இருந்தது. பங்கேற்றவர்கள் சிலரே என்பதால் இதை வைத்துப் பெரிதாக வாக்குறுதி கொடுக்க முடியாது. அளவு சரியாகப் பொருந்திய ரோடு பைக்கிலிருந்து இறங்கியவர், பொருந்தாத டிரையத்லான் பைக்கிலிருந்து இறங்கியவரைவிட நன்றாகவே ஓடுவார்.

டிடி பைக்கும் டிரையத்லான் பைக்கும் ஒன்றுதானா?

நெருங்கிய உறவு, ஆனால் ஒன்றல்ல. டிடி (டைம் டிரயல்) பைக், சைக்கிள் பந்தயங்களின் தனிநபர் நேரப் போட்டிக்கானது. சர்வதேச சைக்கிள் ஒன்றியத்தின் விதிகளுக்குள், 6.8 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சட்டகத்தின் வடிவத்துக்கும் வரம்பு உண்டு. டிரையத்லான் பைக்குக்கு அந்தக் கட்டு இல்லை. செர்வெலோ நிறுவனம் 2016இல் கொண்டுவந்த பி5எக்ஸ் என்ற டிரையத்லான் பைக்கில் இருக்கைக் குழாயே கிடையாது. உணவுக்கும் கருவிகளுக்கும் சட்டகத்திலேயே பெட்டிகள் உண்டு. அயர்ன்மேனில் டிடி பைக்கையும் ஓட்டலாம்.

நம் சாலைகளில் டிரையத்லான் பைக்கில் பயிற்சி செய்ய முடியுமா?

சென்னையில் பலர் விடியற்காலையில் பயிற்சி செய்யும் கிழக்குக் கடற்கரைச் சாலையை எடுத்துக்கொள்வோம். வண்டிகள் குறைவாக இருக்கும் அந்த நேரத்தில்கூட, தவறான பக்கத்தில் எதிரே வரும் இருசக்கர வாகனம், குறுக்கே ஓடும் நாய், வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடை ஆகிய மூன்றையும் எதிர்பார்த்தே ஓட்ட வேண்டும். ஏரோ பாரில் படுத்திருப்பவருக்குப் பிரேக்கைத் தொடுவதற்கு முன், முழங்கையைத் தூக்கிக் கையைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோகும் ஒரு கணம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடிக்குள் சைக்கிள் 10 மீட்டர் போய்விடும்.

ஆகவே குழுவாகப் போகும் நாள்களில் ஏரோ பாரைத் தொடவே கூடாது, பின்னால் வருபவர்களுக்கும் அதுதான் மரியாதை. தாழ்ந்த நிலைக்கு உடலைப் பழக்கும் வேலையை வீட்டில், சைக்கிளை நிலையாகப் பூட்டி மிதிக்கும் டிரெய்னரில் செய்துகொள்ளலாம். கழுத்தும் தோளும் பழகுவதற்கு அங்கே ஒரு மணி நேரம் அசையாமல் மிதிப்பது, சாலையில் மூன்று மணி நேரம் எழுந்து எழுந்து ஓட்டுவதைவிட அதிகம் உதவுகிறது. இரண்டு சைக்கிள் வைத்திருக்க முடியாதவர்களுக்கு ரோடு பைக்கைப் பரிந்துரைப்பதற்கு இந்தச் சாலைகளே எங்களுடைய முதற்காரணம்.

பணம் அளவாகத்தான் இருக்கிறது. எதற்கு முதலில் செலவிடுவது?

பைக் ஃபிட்டுக்கு. அதாவது, உடல் அளவுக்கேற்ப இருக்கையையும் ஹேண்டில்பாரையும் சரிசெய்து தரும் தேர்ந்த ஒருவரிடம் இரண்டு மணி நேரம் செலவிடுவதற்கு. அதற்குப் பிறகு கிளிப்-ஆன், காற்றில் படபடக்காத இறுக்கமான உடை, நல்ல டயர், ஏரோ ஹெல்மெட் என்ற வரிசையில் போகலாம். இவை எல்லாவற்றுக்கும் ஆகும் செலவு ஒரு ஜோடி ஆழ்விளிம்புக் கார்பன் சக்கரங்களின் விலையைவிடப் பெரும்பாலும் குறைவு. உடை காற்றில் பாய்போல் விரிந்துகொண்டிருக்க, சக்கரத்துக்குப் பணத்தைக் கொட்டுபவர்களைப் பந்தயத்துக்குப் பந்தயம் பார்க்கலாம்.

அப்படியானால் டிரையத்லான் பைக்கை எப்போது வாங்கலாம்?

ரோடு பைக்கில் கிளிப்-ஆன் பொருத்தி, அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எழாமல் ஓட்ட முடிகிறது. இனி ஓடப்போவது பெரும்பாலும் டிராஃப்டிங் இல்லாத 90 கி.மீ., 180 கி.மீ. பந்தயங்கள்தான், பயிற்சிக்குப் பழைய ரோடு பைக்கும் வீட்டில் இருக்கும். இந்த மூன்றும் அமைந்தவர் தயங்க வேண்டியதில்லை. 20 கி.மீ. சைக்கிள் கொண்ட ஸ்பிரின்ட் பந்தயங்களோடு நிறுத்திக்கொள்பவருக்கு இது வீண் செலவு. 40 கி.மீ. கொண்ட ஒலிம்பிக் தொலைவு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வயதுப் பிரிவில் பரிசு மேடையை எதிர்பார்ப்பவர் வாங்கலாம், மற்றவர்கள் காத்திருக்கலாம்.

வெளியூர்ப் பந்தயங்களுக்கு விமானத்தில் கொண்டுபோவதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ரோடு பைக்கின் ஹேண்டில்பாரை நான்கு திருகுகளில் கழற்றிவிடலாம். கம்பிகள் எல்லாம் உள்ளே மறைந்திருக்கும் டிரையத்லான் பைக்கைப் பெட்டியிலிட்டு, போன இடத்தில் மறுபடி பூட்டுவது தனி வித்தை; வீட்டில் இரண்டு முறையாவது செய்து பழகாமல் புறப்படக்கூடாது.

பழைய டிரையத்லான் பைக் வாங்கினால் எவற்றைப் பார்க்க வேண்டும்?

ஆர்வத்தில் வாங்கி, சில பந்தயங்களோடு ஒதுக்கிவைத்தவர்கள் விற்கும் நல்ல சைக்கிள்கள் கிடைக்கின்றன. முதலில், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்ஃபோர்க்கின் மேல்தண்டைப் பாருங்கள். முந்தைய உரிமையாளர் மிகத் தாழ்ந்து ஓட்டியவராக இருந்தால் அதைக் குட்டையாக வெட்டியிருப்பார்; வெட்டியதை நீட்ட முடியாது, உங்களுக்கு முன்புறம் உயர வேண்டுமென்றால் அந்தச் சைக்கிள் உதவாது. அடுத்து, முழங்கைத் தட்டுகளின் மெத்தையை உரித்துவிட்டுத் திருகுகளைப் பாருங்கள். மணிக்கணக்கில் படுத்தபடி ஓட்டுபவரின் வியர்வை நேராக அங்கேதான் சொட்டுகிறது. அலுமினியக் கம்பியில் வெண்பொடி பூத்திருந்தாலோ திருகுத் தலை துருவேறி உதிர்ந்தாலோ, உள்ளே ஹேண்டில்பார் திரும்புவதற்கான ஹெட்செட் தாங்கிகளும் அதே நிலையில் இருக்கலாம். கைப்பிடிகளில் சுற்றிய நாடாவையும் அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். சீட்போஸ்ட் மேலும் கீழும் நகர்கிறதா, நகராமல் இறுகிவிட்டதா என்று அங்கேயே அசைத்துப் பார்க்க வேண்டும். கார்பன் சட்டகத்தில் மிதியச்சைச் சுற்றியும் பின்சக்கரம் பூட்டும் இடத்திலும் நல்ல வெளிச்சத்தில் விரலால் தடவி, மயிரிழைக் கீறல் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். கடைசியாக, அந்த மாதிரிக்கே உரிய பிரேக்குகளும் இருக்கைப் பிடிப்பானும் இன்னும் கடையில் கிடைக்கின்றனவா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.